செடிக்கு வைத்திருந்த தண்ணீர்

என் மகளைக் காப்பாற்றிய பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்தச் சம்பவத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு எப்படியோ வெயிலில் போய் முடிந்துவிடுகிறது. "வெயில் அம்புட்டு அடிக்கி டீச்சர், யாரப் போயி என்ன சொல்ல?" என்கிறார்கள். வெயிலைக் கூப்பிட்டு வைத்து விசாரிக்க முடியாது. அதனால் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

எங்கள் வீடு ஆமத்தூர்ப் பக்கம். நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவர் வெம்பக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒரே மகள். எட்டாம் வகுப்பு. அவள் படிப்பது வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் தொடங்கி, இப்போது எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் நடத்தும் பழைய பள்ளியில். நானும் அங்கேதான் படித்தேன்.

அந்த ஜூனில் வெயிலைக் காரணம் காட்டிப் பள்ளித் திறப்பையே தள்ளிப்போட்டிருந்தார்கள். திறந்த முதல் வாரமே விழா. பூமியைக் காப்போம், காலநிலையைக் காப்போம் என்று வாசலில் பெரிய பிளெக்ஸ். மரக்கன்று நட சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் சிறப்பு விருந்தினராக வருகிறார்; காலநிலை மாற்றம் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர். அவரை வரவேற்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழங்குடி நடனம் ஆட வேண்டும். பழங்குடிகள் இயற்கையைக் கெடுக்காமல் வாழ்கிறவர்கள், அவர்களிடம் நாம் கற்க வேண்டும் என்பது நிகழ்ச்சியின் கருத்து. கருத்தில் ஒரு குற்றமும் இல்லை.

உடைதான். தலையில் சாயம் ஏற்றிய கோழி இறகு. கழுத்தில் தெர்மாகோலில் வெட்டிய எலும்பு மாலை. இடுப்பைச் சுற்றிப் பச்சை பிளாஸ்டிக் இலை. கையில் வெள்ளித்தாள் ஒட்டிய ஈட்டி. பெண் பிள்ளைகள் என்பதால் உள்ளே கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய கறுப்பு பனியனும் லெக்கின்ஸும். முகம், கழுத்து, கை எல்லாம் கறுப்புப் பூச வேண்டும். மேக்கப் சாமானுக்கு அதிகம் செலவாகும் என்று நடனம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை யோசித்திருக்கிறார். பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒரு பெற்றோர், "கரிதானே டீச்சர், நம்ம கம்பெனியில மூட்ட மூட்டயாக் கெடக்கு" என்று, வெடிமருந்தில் சேர்க்க அரைத்து வைத்திருந்த கரிப்பொடியில் ஒரு பை அனுப்பிவைத்துவிட்டார். அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் யாருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது.

அந்த வகுப்பில் நிஜமாகவே ஒரு பழங்குடிப் பிள்ளை உண்டு. பளியர் வீட்டுப் பெண். மேற்கே மலை அடிவாரத்தில் அவர்களுடைய காலனி. அப்பா ஒரு மாந்தோப்பில் காவல். அங்கிருந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் வந்து போக வழியில்லாததால் எங்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் மகளுக்குப் பக்கத்து இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். பேச்சு குறைவு, வாய்த் துடுக்கு அதிகம். ஒருமுறை என் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அத்தே, இதுக்கு எங்க ஆஸ்டல் சாம்பாரே மேலு" என்றாள்.

ஒத்திகையின் முதல் நாள் ஆசிரியை இவளைப் பார்த்து, "ஒனக்கு மேக்கப்பே வேணாம், நீ அப்படியே முன்னால நில்லு" என்றிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. இவள் எழுந்து, "எங்க ஊர்ல யாரும் இப்பிடி ஆட மாட்டாக டீச்சர்" என்றிருக்கிறாள்.

"அப்ப எப்பிடி ஆடுவீக? ஆடிக் காட்டேன்."

"ஆடிக் காட்டுறதுக்கெல்லாம் இல்ல டீச்சர் அது."

திமிர் என்று முடிவு செய்து நடனத்திலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். மேடையை ஒட்டி வரிசையாக வைத்திருந்த மரக்கன்றுகளுக்குப் பக்கத்தில், பூவாளிகளோடும் தண்ணீர்க் கேன்களோடும் நிற்க வேண்டியது அவள் வேலை. விருந்தினர் கன்றை நட்டதும் பூவாளியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது. கேன் தண்ணீர், காசு கொடுத்து வாங்கியது. பள்ளிக் கிணறு வற்றிப்போயிருந்தது.

அன்று காலை நான் என் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "ஒண்ணுமில்ல டீச்சர், பாப்பாவுக்கு லேசா மயக்கம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்." ஒன்றுமில்லை என்று தொடங்குகிற போனை நம்புகிற ஊர் இல்லை இது. வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போகிற ஊர். எந்த நல்ல செய்தியும் எங்களுக்கு அப்படித் தொடங்கியதில்லை. ஸ்கூட்டரை எப்படி ஓட்டிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிவகாசியில் அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஒரு கட்டிலைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். எங்கள் சபைப் பெண்தான். "அக்கா, எங்க போறீக? இங்கன இருக்கா." கட்டிலில் தலைமுதல் கால்வரை கறுப்பாக ஓர் உருவம். அதில் ஈரம் வழிந்து கோடு கோடாக உண்மையான தோல் தெரிந்தது. பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தொட்டபோது கை சுட்டது. காய்ச்சல் சூடு எனக்குத் தெரியும், இது அந்தச் சூடு இல்லை. அவள் கண்ணைத் திறந்தபடி என்னிடம் ஏதோ சொன்னாள். வார்த்தையே இல்லை, வெறும் சத்தம்.

நர்ஸ் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே திட்டினாள். "நரம்பு தெரியல, ஒதட்டு நிறம் தெரியல, என்னத்தப் பாக்க? இதப் பூசினது எந்தப் புண்ணியவாளன்?" எண்ணெயில் குழைத்த கரி துடைக்கத் துடைக்க இழுபட்டதே தவிரப் போகவில்லை. ஊசி குத்த ஓர் இடம் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு துணி கறுப்பாகிவிட்டது. அன்று என் மகளின் முகம் சிவந்து, பிறகு வெளிறி, பிறகு எப்படியெப்படியோ மாறியிருக்கும். பக்கத்தில் நின்ற ஆசிரியர் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரியாதபடிக்கு நாங்களே பூசி மூடி வைத்திருந்தோம்.

கணவர் கம்பெனி உடையோடே ஓடி வந்தார். வந்தவர் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். இன்னொரு கையையும் முகர்ந்தார். பிறகு வராண்டாவில் நின்ற ஆசிரியையிடம், "கரி எந்தக் கம்பெனியில வந்துச்சு? வெறுங்கரியா, கந்தகம் கலந்ததா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. "கரிதான் சார், கறுப்பா இருந்துச்சு" என்றார். இவர் தன் கம்பெனிக்குப் போன் போட்டு, பள்ளிக்கு ஆள் விட்டு அந்தப் பையைப் பார்க்கச் சொல்லி, வெறுங்கரிதான் என்று பதில் வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கந்தகம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், அந்தக் கோலத்தோடு பிள்ளைகள் விழாக் குத்துவிளக்கு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். அவர் அப்போதே யோசித்துவிட்டார்.

"நாங்க வெடிமருந்தக்கூட வெயில் ஏறிட்டா வெளிய வைக்க விடமாட்டோம்மா" என்றார் அந்த ஆசிரியையிடம். கத்தவில்லை. கத்தியிருந்தால் அந்த ஆசிரியைக்கு நல்லதாக இருந்திருக்கும்.

மாலைக்குள் சூடு இறங்கியது. மகள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, விழுந்த உடனே யாரோ நிழலுக்கு இழுத்துப் போட்டு நிறையத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், அது நடக்காமலிருந்தால் கஷ்டம்தான் என்றார். கஷ்டம் என்ற சொல்லை மருத்துவர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்பதை மகளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் அடுத்தடுத்த நாட்களில் துண்டு துண்டாகச் சொன்னார்கள். விருந்தினருக்குச் சாத்தூரில் வேறொரு நிகழ்ச்சி, வர நேரமாகிவிட்டது. பிள்ளைகளைக் கலைத்துவிட்டால் மறுபடி வரிசை சேர்க்க முடியாது என்று மைதானத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேடைக்கு மட்டும் பந்தல். தண்ணீர் கேட்ட பிள்ளைகளிடம், "முகத்துல பட்டா மேக்கப் கலைஞ்சிரும், அய்யா வந்துட்டுப் போகட்டும்" என்றிருக்கிறார்கள். என் மகள் நின்ற இடத்திலேயே தள்ளாட ஆரம்பித்து, ஈட்டியைக் கீழே போட்டிருக்கிறாள். "ஏய், ஆக்டிங் பண்ணாத, நேரா நில்லு" என்று அதட்டல். அடுத்து அவளே விழுந்துவிட்டாள்.

மரக்கன்றுகளுக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பளியர் வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, இவள் கக்கத்தில் கை கொடுத்துப் பந்தலுக்குள், மேடைக் கம்பளத்தின் மேலேயே இழுத்துப் போட்டிருக்கிறாள். பூவாளித் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். போதவில்லை என்று கேனையே கவிழ்த்திருக்கிறாள். ஓர் ஆசிரியை ஓடிவந்து கேனைப் பிடித்து இழுக்க, இவள் விடாமல் உதற, ஈரக் கம்பளத்தில் வழுக்கி ஆசிரியை உட்கார்ந்துவிட்டார். சரியாக அந்த நேரத்தில் கார் உள்ளே வந்திருக்கிறது. பேண்டு வாத்தியம் முழங்கியிருக்கிறது. விருந்தினர் இறங்கியதும் மேடையைப் பார்த்தார். கறுப்புப் பூசிய பிள்ளை கீழே கிடக்கிறது, மேலே இன்னொரு பிள்ளை தண்ணீரை ஊற்றுகிறது. மழை வரவழைக்கிற காட்சி என்று நினைத்துக் கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

என் பிள்ளை உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது ஒரு மைதானமே கை தட்டியது. பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்கிறது. நான் அங்கே இருக்கவில்லை, இருந்தும் கேட்கிறது.

இதற்குப் பிறகு பள்ளி சொன்னது இரண்டு விஷயங்கள். ஒன்று, என் மகள் காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயங்கினாள். என் கையால் இட்லியும் தக்காளிச் சட்னியும் வைத்து, அவள் போதும் போதும் என்று கத்தக் கத்த ஊட்டி அனுப்பியவள் நான். இரண்டாவது, ஆசிரியையைத் தள்ளிவிட்டு, விழாவைக் கெடுத்த விடுதி மாணவியை ஒழுக்கக் குறைவுக்காக வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அவளுடைய அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அவள் வீட்டுக்குப் போனால் படிப்பு அதோடு சரி. அவளுக்கு மூத்த பெண்கள் அந்தக் காலனியில் எட்டாவது தாண்டவில்லை. மலையில் தேன் எடுத்துக் கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்களின் காட்டை வெள்ளைக்காரன் தன் காடு என்று எழுதி வைத்தான். அவன் போன பின்னும் எழுதியது எழுதியதுதான். இப்போது காட்டைக் காக்கிறோம் என்று சொல்லி, ஒரு பிடி சுள்ளிக்கும் அனுமதி கேட்க வைக்கிறார்கள். காட்டைக் கெடுக்காமல் வைத்திருந்தவர்கள் மாந்தோப்பில் காவல் நிற்கிறார்கள். அவர்களிடம் கற்க வேண்டும் என்று நாம் பிளெக்ஸ் வைக்கிறோம். அவர்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க மட்டும் நமக்கு மனமில்லை.

அவளுடைய அப்பாவை வரச் சொல்லியிருந்த அன்று நானும் கணவரும் போனோம். பள்ளியின் பழைய கூடத்தில் உட்கார வைத்தார்கள். பள்ளி தொடங்கிய காலத்துப் புகைப்படம் ஒன்று அங்கே சுவரில் இருக்கிறது. நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள். பின்னால் சட்டையில்லாமல், ஈட்டி பிடித்து, தலையில் ஏதோ செருகிக்கொண்டு சிலர். கீழே 'காட்டு ஜாதியார்' என்று எழுதியிருக்கும். நடன உடையை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாதிரியார்கள் எங்கள் குடும்பத்துக்கு எழுத்தைக் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. எங்களைக் கீழே வைத்துப் பார்த்தவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்கச் செய்தார்கள். கூடவே அடுத்தவரைப் பார்க்கத் தங்கள் கண்ணாடியையும் மாட்டிவிட்டுப் போனார்கள். அதை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறோம்.

பளியர் வீட்டுப் பிள்ளையின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட நீலச் சட்டை. நாற்காலியில் உட்காரச் சொல்லி நான் இடம் விட்டேன். உட்காராமல் சுவரில் இருந்த அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "இவுக எந்த ஊரு ஆளுக?" என்று கேட்டார்.

"ஒங்க ஆளுகன்னு சொல்றாக."

அவர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, "சே சே" என்றார்.

தாளாளரும் தலைமை ஆசிரியையும் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு நீண்டது. ஒழுக்கம், பாரம்பரியம், பள்ளியின் நல்ல பெயர். கடைசியில் தாளாளர் பெரிய மனது பண்ணுவதுபோலச் சொன்னார். பிள்ளை அசெம்பிளியில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் விடுதியில் இருக்கலாம்.

பிள்ளையின் அப்பா உடனே, "கேக்கச் சொல்றேங்க" என்றார். மூலையில் நின்ற அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் யோசித்து, "என்னன்னு கேக்கணும்னு சொல்லிக் குடுத்துருங்க சார். பிள்ள தப்பாச் சொல்லிறக் கூடாதுல்ல" என்றார்.

தாளாளர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். அவர், "விழா நேரத்துல... அனுமதி இல்லாம... தண்ணிய..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"தண்ணிய ஊத்தினதுக்கா?" என்றார் அப்பா. கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஊத்தினதுக்கு இல்ல. டீச்சரத் தள்ளிவிட்டதுக்கு."

"நான் தள்ளல" என்றது மூலையிலிருந்து குரல். "அவுக கேனப் புடிச்சு இழுத்தாக. நான் விடல."

"பாத்தீங்களா, இப்பவும் எதுத்துப் பேசுறா."

நான் எழுந்துவிட்டேன். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அது கோவையாக இருந்திருக்காது. என் மகள் சாப்பிட்டுத்தான் வந்தாள் என்றேன். பிள்ளைகளுக்குத் தராத தண்ணீரைச் செடிக்கு வைத்திருந்தீர்கள் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். "நீங்களும் ஒரு டீச்சர், இப்படிப் பேசலாமா?" என்றார் தலைமை ஆசிரியை. கணவர் என் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. தானும் எழுந்து நின்றார். கரி எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்பதை வெளியே எங்கும் பேச வேண்டிய நிலைமைக்குத் தன்னைத் தள்ள வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பட்டாசு ஊரில் அந்த ஒரு வாக்கியம் போதும்; கம்பெனிச் சரக்கைப் பிள்ளைகள் மேல் பூசியது வெளியே தெரிந்தால் விசாரணை வரும், லைசென்ஸ் வரைக்கும் போகும். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் அசெம்பிளியில் தலைமை ஆசிரியை அறிவித்திருக்கிறார். சிறுபிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள், கிறிஸ்துவின் அன்போடு நாம் அவளை மன்னித்துவிட்டோம். பிள்ளைகள் கை தட்டியிருக்கிறார்கள்.

மன்னித்துவிட்டார்களாம். அவள் விடுதியிலேயே இருக்கிறாள், என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், சாம்பாரைக் குறை சொல்கிறாள். எங்கள் சபையில் சிலர், அதுதான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்கிறார்கள். என்ன முடிந்தது? ஓர் உயிரைக் காப்பாற்றிய பிள்ளை, மன்னிக்கப்பட்ட பிள்ளையாக அந்த வகுப்பில் நடமாடுகிறாள். கேலி செய்கிற பிள்ளைகள், "ஒன்ன மன்னிச்சாச்சுல்ல, பெறகு என்ன?" என்கிறார்களாம். என் மகள் இப்போதும் உச்சி வெயிலில் வெளியே கால் வைக்கப் பயப்படுகிறாள். போன் மணி அடித்தாலே நான் பயப்படுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அதே அசெம்பிளியில், அதே மைக்கில், இந்தப் பிள்ளை செய்தது சரி, நாங்கள் செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். தாளாளரைப் பார்க்க நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால் திங்கட்கிழமைதோறும் என் பள்ளிக்குப் போகும் முன் அவர் அறை வாசல் பெஞ்சில் போய் உட்காருகிறேன். போன வாரம் அலுவலக உதவியாளர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இன்னைக்கும் வந்துட்டீகளா டீச்சர்?"

"இருக்காகளா?"

"இருக்காக. ஆனா நீங்க கேட்டா இல்ல."

"சரி. நான் இங்கன இருக்கேன்னு சொல்லுங்க."

"சொன்னேன் டீச்சர். ஒங்களுக்கு வேற வேலை இல்லையான்னு கேட்டாக."

"இருக்குன்னு சொல்லுங்க. ஒன்பது மணி வரைக்கும் இதுதான் வேலைன்னு சொல்லுங்க."

அவர் உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.